எட்டெழுத்துப் பெயர்கள்

எங்கள் பாடசாலையின் கணினி அறையில் ஓர் இரும்பு அலுமாரி நிற்கிறது. பழுதடைந்த விசைப்பலகைகள், வயர்ச் சுருள்கள், எவரும் வாசியாத கைந்நூல்கள் ஆகியவற்றுக்கிடையே சென்ற ஆண்டுத் தை மாதத்தில் கைக்கடக்கமான வன்தட்டு ஒன்று வந்து சேர்ந்தது. பிறநாட்டில் வாழும் பழைய மாணவர் ஒருவர் ஊருக்கு வந்தபோது விட்டுச் சென்றது அது. கணினிப் பாடம் கற்பித்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு ஒருவரும் வரவில்லை. ஆகவே அதிபர் என்னை அழைத்தார். “தம்பி, நீங்கள் தமிழ் படிப்பிக்கிறவர் எண்டது எனக்குத் தெரியும். எண்டாலும் இந்த அறையின்ரை திறப்பை நீங்கள்தான் வைச்சிருக்க வேணும்” என்றார்.

தூரத்துக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகள் எம்மிடம் அறுபதின்மர் வரையில் உளர். பாடசாலை ஒன்றரை மணிக்கு முடிந்தாலும் அவர்களுடைய பேருந்து மூன்றரைக்குத்தான் வரும். அந்த இரண்டு மணிநேரத்தை அவர்கள் வேலியோரத்து வேப்பமர நிழலில் கழித்து வந்தனர். வியாழக்கிழமைகளிலாவது அவர்களைக் கணினி அறையில் இருத்தலாம் என்பது அதிபரின் எண்ணம். வன்தட்டைத் திறந்து பார்த்தேன். அதனுள் நானூற்றுப் பன்னிரண்டு கோப்புறைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பழைய விளையாட்டு. எல்லாம் ‘டொஸ்’ என்ற இயக்கமுறைமை வழங்கிய காலத்தில், அதாவது 1981ஆம் ஆண்டு முதல் 1990களின் நடுப்பகுதி வரையில் ஆக்கப்பட்டவை.

வாசகர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆசிரியர் நியமனங்களும் பாடநூல்களின் தரமும் பேசப்பட வேண்டிய இடத்தில் கணினி விளையாட்டுக்களுக்கு என்ன வேலை என்று வினவக்கூடும். அவ்வினா நியாயமானதே. நானும் முதலில் அதனையே என்னிடம் கேட்டேன். ஆயினும் நானூற்றுப் பன்னிரண்டு பொருள்களை ஒழுங்குபடுத்தி, ஒரு பட்டியலாக்கி, பிள்ளைகளின் முன் வைக்கும் சிறு வேலை என்னை எங்கெல்லாம் இட்டுச் சென்றது என்பதைக் கூறியபின், தீர்ப்பை அவர்களிடமே விட்டுவிடுகிறேன்.

முதலில் கண்ணிற் பட்டவை பெயர்கள். டொஸ் முறைமையில் ஒரு கோப்பின் பெயர் எட்டெழுத்துக்கு மேற் போகலாகாது, அதன்பின் ஒரு புள்ளி, புள்ளிக்குப்பின் மூன்றெழுத்து. அவ்வளவே. நினைவகத்தின் ஒவ்வோர் எழுத்திடமும் விலைமதிப்புடையதாயிருந்த காலத்தின் சிக்கனம் அது. அந்த எட்டிடங்களுக்குள் அடங்குவதற்காகப் பெரும் பெயர்களெல்லாம் வாலறுந்து கிடந்தன. சில பெயர்களை ஊகித்து அறியலாம். பலவற்றை அறியவே முடியாது. ஆங்கிலத்திலே திணறும் என் மாணவருக்கோ அவை வெறும் கீறல்கள்.

ஆனால் அந்தப் பெயர்களுள் சில எனக்குப் புதியவை அல்ல.

நாங்கள் 1996ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்து வவுனியாவுக்கு வந்த குடும்பம். அம்மா தையல் இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தைக்கத் தொடங்கினார். பாடசாலைப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாக வழங்கும் வெள்ளைத் துணி ஊர்ப் பிள்ளைகளின் கைக்கு வரும் காலம் எங்கள் வீட்டுக்கு அறுவடைக் காலம். ஒரு சட்டைக்குக் கூலி 25 ரூபா. 2000ஆம் ஆண்டில் எனக்கு வயது பன்னிரண்டு. நகரில் ஒரு கணினி வகுப்பு நடந்தது. மாதக் கட்டணம் 300 ரூபா, அதாவது பன்னிரண்டு சட்டை. “இனி வாற காலத்திலை இது தெரியாதவனுக்கு வேலை இல்லையாம்” என்று யாரோ சொல்லக் கேட்டு அம்மா என்னை அங்கே சேர்த்துவிட்டார்.

கொழும்பிலே கழித்துவிடப்பட்ட நான்கு பழைய இயந்திரங்களே அவ்வகுப்பின் முதல். வகுப்பை நடத்திய இளைஞர் முதல் அரை மணிநேரம் கட்டளைகளைக் கற்பிப்பார். பின்பு வெளியே போய்விடுவார். அவர் போனதும் பெரிய மாணவர்கள் விளையாட்டுக்களைத் திறப்பர். பாதாளச் சிறையிலிருந்து தப்பி ஓடும் பாரசீக இளவரசன், குப்பைத் தொட்டிகளின்மேற் பாய்ந்து யன்னல்களுக்குள் நுழையும் பூனை, மேலிருந்து விழும் கட்டங்கள் எனப் பல அவற்றுள் இருந்தன. வீட்டுக்கு வந்தால் அம்மா கேட்பார்: “இண்டைக்கு என்ன படிச்சனி?” நான் இரண்டு கட்டளைப் பெயர்களைச் சொல்வேன். அம்மா திருப்தியோடு இயந்திரத்தின் சக்கரத்தைச் சுழற்றுவார். அந்தப் பன்னிரண்டு சட்டைகளிற் பத்தையேனும் நான் விளையாடித் தொலைத்தேன் என்பதை இருபத்தைந்து ஆண்டுகளாக ஒருவரிடமும் சொன்னதில்லை.

ஆகவே அலுமாரியின் முன்னால் நின்றபோது எனக்கிருந்தது ஆர்வம் மாத்திரமன்று. பழைய கடனொன்றின் உறுத்தலும் இருந்தது.

இந்த விளையாட்டுக்கள் இன்றைய கணினிகளில் நேரே இயங்கமாட்டா. பழைய இயந்திரம் ஒன்றைப் புதிய இயந்திரத்தினுள்ளே பாவனையாகப் படைத்துத் தரும் நிரல் வேண்டும். அதற்கெனத் தன்னார்வலர் ஆக்கிய ‘டொஸ்பொக்ஸ்’ என்ற நிரல் 2002ஆம் ஆண்டில் முதன்முதல் வெளியாயிற்று. அது இலவசமானது, அதன் மூலநிரலும் எவரும் வாசிக்கத்தக்கதாகத் திறந்து வைக்கப்பட்டுள்ளது. அதனோடு பழகுவது எளிதன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1981இல் வெளியிட்ட தனியாள் கணினியின் வேகம் 4.77 மெகாஹேர்ட்ஸ். அக்காலத்து விளையாட்டுக்கள் சில அந்த வேகத்தையே தமக்குக் கடிகாரமாகக் கொண்டவை. இன்றைய வேகத்தில் அவற்றை ஓடவிட்டால், திறந்த கணமே ஆட்டம் முடிந்துபோகும். ஆகையால் ஒவ்வொன்றுக்கும் ஏற்ற வேகத்தைச் சோதித்துச் சோதித்துக் கண்டு தனியே குறித்து வைக்க வேண்டும். ஒலி எங்கே, விசை எது, முதலில் ஓட வேண்டிய கோப்பு எது என்பவற்றையும் எழுத வேண்டும். வெள்ளைத் தாளில் நிரல் வகுத்து நான் இவ்வேலையைத் தொடங்கினேன். ஒரு மாலைக்கு எட்டு அல்லது பத்து விளையாட்டுக்களே முடிந்தன.

ஐம்பது முடிந்ததும் அவற்றை எந்த ஒழுங்கில் அடுக்குவது என்ற பிரச்சினை எழுந்தது. ஆங்கில அகரவரிசை சாதாரணமாகக் கைக்கொள்ளப்படுவது. ஆனால் அது எம் பிள்ளைகளுக்கு ஒன்றையும் உணர்த்தாது. ஆண்டு வரிசை வரலாற்று மாணவனுக்கு உதவும். விளையாட வந்த சிறுவனுக்கு உதவாது. ஓடிக் குதிப்பவை, சுடுபவை, புதிர்கள், நகரமும் நாடும் கட்டுபவை எனச் செயல்வகையாற் பிரிப்பது வழக்கம். ஆனால் ஒரே விளையாட்டில் ஓட்டமும் புதிரும் வாட்போரும் கலந்து வரும்போது அதை எப்பெட்டிக்குள் இடுவது?

பேராதனையில் நான் படித்த தமிழ் இவ்விடத்திலே கைகொடுத்தது. எட்டுத்தொகையைத் தொகுத்தோரும் இதே இடர்ப்பாட்டிலே அகப்பட்டவர்கள்தாம். பல புலவர், பல காலத்துப் பாடல்கள், சிதறிக் கிடந்த ஓலைகள். அவர்கள் அடிகளை எண்ணினார்கள். நான்கு முதல் எட்டு அடி கொண்டவை குறுந்தொகை. ஒன்பது முதற் பன்னிரண்டு நற்றிணை. பதின்மூன்று முதல் முப்பத்தொன்று அகநானூறு. அகநானூற்றின் வைப்புமுறை இன்னும் நுட்பமானது. ஒற்றைப்பட்ட எண்ணெல்லாம் பாலை. இரண்டும் எட்டும் ஈற்றிலே பெற்றவை குறிஞ்சி. நான்கு பெற்றவை முல்லை. ஆறு பெற்றவை மருதம். பத்து, இருபது என வருபவை நெய்தல். பாட்டின் எண்ணைச் சொன்னாலே திணையைச் சொல்லிவிடலாம். இரண்டாண்டுக் காலம் பரீட்சைக்காக நான் நெட்டுருப் பண்ணிய இச்செய்தி, பயன்பாட்டுக்காக ஒருவர் செய்த வேலை என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. தொகுத்தவர் பாடியவரினும் தாழ்ந்தவர் என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆனால் ஒழுங்கின்றிக் கிடந்தால் வழிவழி வந்த செல்வம் அழியும் என்பதைத் தொகுத்தவரே அறிந்திருந்தனர்.

முதல் வியாழக்கிழமை வந்தது. செயல்வகையாற் பிரித்த ஐம்பது விளையாட்டுக்களின் பட்டியலைத் திரையிலே காட்டினேன். பிள்ளைகள் ஆரவாரித்தனர். கால்மணி நேரத்தின்பின் பத்தாந்தர மாணவி ஒருத்தி எழுந்தாள். வகுப்பில் அதிகம் பேசாதவள்.

“சேர், இதுகளை ஆர் செய்தது?”

“அமெரிக்காவிலை, ரஷ்யாவிலை, கனடாவிலை... பல பேர்.”

“பாட்டுப் படிப்பிக்கேக்கை புலவர்ரை பேர் எழுதாட்டில் புள்ளியைக் குறைப்பீங்கள். இதிலை ஒருதற்றை பேரையும் காணேல்லை. தானாய் முளைச்சதோ சேர்?”

வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் கேட்டது என்னைத் தொடர்ந்தது. நான் செய்த பட்டியலில் விளையாட்டின் பெயர் இருந்தது, ஆண்டு இருந்தது, விற்ற நிறுவனத்தின் பெயரும் சிலவற்றுக்கு இருந்தது. உழைத்தவர் பெயர் மாத்திரம் இல்லை. உழைப்பைப் பற்றியும் அதன் பயன் யாரைச் சேர்கிறது என்பதைப் பற்றியும் ஆசிரியர் சங்கக் கூட்டங்களிற் பேசுகின்ற நான், என் கையாலே செய்த முதற் பட்டியலில் உழைத்தவனை விட்டுவிட்டு விற்றவனை எழுதியிருந்தேன்.

அன்றிரவே தேடத் தொடங்கினேன். விழும் கட்டங்களின் விளையாட்டாகிய ‘டெட்ரிஸ்’ 1984ஆம் ஆண்டில் மொஸ்கோவிலே சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பு நிலையத்திற் பணியாற்றிய அலெக்ஸி பஜித்னோவ் ஆக்கியது. நந்நான்கு சதுரங்களால் ஆன ஏழு வடிவங்களே அதன் முழுச் செல்வம். அவர் பயன்படுத்திய ‘எலெக்ட்ரோனிக்கா 60’ என்ற இயந்திரத்திற்குப் படம் வரையத் தெரியாது. ஆகவே அடைப்புக்குறிகளை அடுக்கிக் கட்டங்களாகக் காட்டினார். அதனை ஐ.பி.எம். கணினிக்கு மாற்றியமைத்தவர் வதீம் கெராசிமோவ் என்ற பாடசாலை மாணவர். அப்போது அவருக்கு வயது பதினாறு. நாடு நாடாக அது விற்கப்பட்டது. நிறுவனங்கள் உரிமைக்காக வழக்காடின. சோவியத் அரசின் சார்பில் உரிமையைக் கையாண்டது ‘எலோர்க்’ என்ற அரச நிறுவனம். ஆக்கியவருக்கோ அவ்விளையாட்டின் உரிமைப்பணம் 1996ஆம் ஆண்டுவரை கிடைக்கவில்லை.

இவ்விடத்தில் ஒன்றை ஒளிக்காமற் சொல்ல வேண்டும். இது மேற்கத்தைய முதலாளி ஒருவர் தனியே செய்த சுரண்டல் என்று எழுதிவிட எனக்கு ஆசையாக இருந்தது. அவ்வாறு எழுதுவது எளிது. ஆனால் உழைப்பாளர் பெயரால் ஆண்ட அரசும் அந்த உழைப்பாளியின் கையில் ஒன்றும் வைக்கவில்லை. பிள்ளைகளிடம் இரண்டையும் சேர்த்தே சொன்னேன். பாதி உண்மையைச் சொல்லிக் கொடுத்தால் நாளை அவர்கள் மறுபாதியை வேறொருவரிடம் கேட்டறிந்து நம்மை நம்பாமல் விடுவர்.

பாரசீக இளவரசனின் கதை வேறு. ஜோர்டன் மெக்னர் என்ற இளைஞர் ஏறத்தாழத் தனியொருவராகவே அதனைச் செய்தார். தம்பியை வெள்ளையுடையில் ஓடவும் பாயவும் வைத்துப் படம்பிடித்து, அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து இளவரசனின் அசைவை வரைந்தார். இசையை அமைத்தவர் அவருடைய தந்தையார். 1989இல் அப்பிள் கணினிக்கும், மறு ஆண்டில் டொஸ் முறைமைக்கும் அது வெளிவந்தது. மூலநிரல் தொலைந்துவிட்டது என்றே அவர் பல்லாண்டுகள் எண்ணியிருந்தார். 2012ஆம் ஆண்டில் தந்தையார் வீட்டிலிருந்த பெட்டியொன்றுக்குள் பழைய நெகிழ்தட்டுக்களைக் கண்டெடுத்து அனுப்பினார். இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காந்தத் தட்டுக்கள். தொட்டால் அழியலாம் என்ற அச்சம். பழைய இயந்திரங்களிற் பயின்றோர் உதவியோடு அவை வாசிக்கப்பட்டன. அந்த நிரல் இன்று எவரும் பார்க்கத்தக்கதாக வைக்கப்பட்டிருக்கிறது.

இதனைச் சொல்லும்போது சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையைப் பற்றிச் சொல்லாதிருக்க என்னால் இயலவில்லை. எடுக்கும்போதே ஓரம் முரியும் ஏடுகளை ஊரூராகத் தேடி, 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சேற்றியவர் அவர். ஓலையாயினும் காந்தத் தட்டாயினும் அழியும் பொருள் அழியும். இடையில் ஒருவர் உட்கார்ந்து படியெடுத்தாலன்றி அடுத்த தலைமுறைக்கு ஒன்றும் எஞ்சாது. இவ்விளையாட்டுக்களைக் கலித்தொகைக்குச் சமம் என்று நான் சொல்ல வரவில்லை. படியெடுப்பவரின் வேலை இரண்டிடத்தும் ஒன்றே என்றுதான் சொல்கிறேன்.

படியெடுப்பது என்றதும் உரிமை பற்றிய கேள்வி எழுகிறது. பதினோராந்தர மாணவன் ஒருவன் நேராகவே கேட்டான்: “இது களவில்லையோ சேர்?” ஆக்கியோரே இலவசமாக விட்டுக்கொடுத்த விளையாட்டுக்கள் சில உண்டு. ‘பினீத் எ ஸ்டீல் ஸ்கை’ 2003ஆம் ஆண்டிலும், ‘டைரியன்’ மறு ஆண்டிலும் அவ்வாறு விடப்பட்டன. முதற்பகுதியை எவரும் படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம், பிடித்தவர் மிகுதியை வாங்கலாம் என்ற முறையில் வந்தவையும் பல. ‘டூம்’ 1993இல் அவ்வாறே பரவியது. ஆனால் ஏனையவை சட்டப்படி இன்னும் எவருக்கோ உடைமை. அமெரிக்கச் சட்டத்தின்படி ஒரு நிறுவனத்துக்காக ஆக்கப்பட்டு 1990இல் வெளிவந்த விளையாட்டுக்கு 2085ஆம் ஆண்டு முடியும் வரை உரிமை உண்டு. அவற்றுட் பலவற்றை உரிமையாளர் விற்பதுமில்லை, விடுவதுமில்லை. நிறுவனம் நிறுவனத்தை விழுங்கியதில் உரிமையாளர் யாரென்றே தெரியாதவையும் உண்டு. நாற்பதாண்டு தாங்காத தட்டுக்குத் தொண்ணூற்றைந்து ஆண்டு வேலி! படியெடுத்தோர் வேலியைத் தாண்டியிராவிட்டால் இன்று காப்பதற்கு ஒன்றும் இருந்திராது. இதனையே மாணவனுக்குச் சொன்னேன். அதேவேளை, விட்டுக்கொடுக்கப்பட்டவற்றைத் தனியே குறித்து, அவற்றை மாத்திரமே வீட்டுக்குக் கொண்டுபோகக் கொடுப்பது என்றும் தீர்மானித்தோம். சட்டம் பிழையென்று கருதுபவன் அதனை மாற்றப் பேசவேண்டும், பிள்ளையைக் கேடயமாக்கலாகாது.

அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று மீதியாய் இருந்தது. வன்தட்டிலே ‘பராட்ரூப்பர்’ என்ற சிறிய விளையாட்டு இருக்கிறது. இக்காலக் கைப்பேசி பிடிக்கும் ஒரு நிழற்படத்தினும் சிறியது. பின்னாளிற் கணிதப் பேராசிரியராகிய கிரெக் குப்பர்பெர்க் இளமையிலே, 1982ஆம் ஆண்டில் எழுதியது. திரையின் அடியில் ஒரு பீரங்கி. மேலே ஹெலிகொப்டர்கள் பறக்கும்; அவற்றிலிருந்து சிப்பாய்கள் குடைவிரித்து இறங்குவர். சுட்டு வீழ்த்த வேண்டும். ஒரு பக்கத்தில் நால்வர் தரையைத் தொட்டுவிட்டால் ஒருவர்மேலொருவர் ஏறிவந்து பீரங்கியை அழித்துவிடுவர்.

வவுனியாவிலே அந்தக் கணினி வகுப்பில் நாங்கள் அதிகம் ஆடியது இதனைத்தான். கூரைக்கு மேலே உண்மையான ஹெலிகொப்டர் போகும். இயந்திரத்தின் ஒலி அதனுள் அமுங்கிவிடும். ஒருவன் தலையை நிமிர்த்தாமலே “இது எங்கடையில்லை” என்பான், எல்லோரும் சிரிப்போம். அச்சிரிப்பை இன்று எண்ணிப் பார்க்கிறேன். எமக்கு அச்சம் இல்லாமற் போனதன் அடையாளம் அல்ல அது. அச்சத்தை வேறெங்கும் வைக்க இடமின்றித் திரைக்குள் வைத்தோம்.

நான் அதனைப் பட்டியலில் சேர்க்கவில்லை. போரிலே தந்தையை இழந்த பிள்ளைகள் அந்த அறுபதின்மரில் உண்டு. தாயின் வயிற்றில் இருந்தபோதே இழந்தவரும் உண்டு. ஆனால் பெரிய வகுப்புப் பையன் ஒருவன் கோப்புறைகளைத் துழாவி அதனைக் கண்டுபிடித்துவிட்டான். “ஏன் சேர் இதை ஒளிச்சனீங்கள்?” என்றான். காரணத்தைச் சொன்னேன். அவன் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “எங்கடை வீட்டிலையும் ஒருதரும் ஒண்டும் சொல்றேல்லை, சேர்” என்றான்.

அதற்குப்பின் நாங்கள் ஒரு வியாழக்கிழமை முழுவதும் விளையாடாமற் பேசிக்கொண்டிருந்தோம். சுடும் விளையாட்டு வேண்டாம் என்று சிலர். திரையிற் சுடுவதால் எவரும் சாவதில்லை என்று சிலர். அப்பொழுது ‘ஒரிகன் ட்ரெயில்’ என்ற விளையாட்டை எடுத்துக்காட்டினேன். அது 1971ஆம் ஆண்டில் மினசோட்டா மாநிலத்தில் ஆசிரியப் பயிற்சி பெற்றுவந்த மூன்று இளைஞர் வரலாற்று வகுப்புக்காக ஆக்கியது, நம்மைப்போன்ற ஆசிரியர்! 1990இல் டொஸ் முறைமைக்கு வந்த பதிப்பே எம்மிடம் இருந்தது. மாட்டு வண்டியிலே மேற்கே போய்க் குடியேறும் மக்களின் பசி, நோய், ஆற்று வெள்ளம் எல்லாம் அதில் உண்டு. துப்பாக்கி வேட்டைக்கு மட்டுமே. எவ்வளவு தூய்மையான கல்வி விளையாட்டு! ஆனால் அவ்வண்டிகள் போய்ச் சேர்ந்த நிலம் எவருடையது? அங்கே ஏற்கெனவே வாழ்ந்த மக்கள் அக்கதையில் வழியோரத்து நிழல்களாகவே வருகின்றனர். 2019ஆம் ஆண்டில் அம்மக்களின் பக்கத்திலிருந்து அதே பயணத்தைச் சொல்லும் ‘வென் ரிவர்ஸ் வேர் ட்ரெயில்ஸ்’ என்ற விளையாட்டு உருவாகும்வரை இக்குறை நெடுங்காலம் நின்றது. குடியேற்றம் என்ற சொல் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு விளக்கவேண்டிய சொல் அன்று. அறை அமைதியாயிற்று. துப்பாக்கி இருக்கிறதா இல்லையா என்பதைக் கொண்டு ஒன்றின் கொடுமையை அளக்க முடியாது என்பதை அன்று அவர்கள் எனக்கு முன்பே கண்டுகொண்டார்கள்.

அன்றெடுத்த முடிவின்படியே இன்றுவரை வேலை நடக்கிறது. எதனையும் ஒளிப்பதில்லை. ஒவ்வொரு விளையாட்டுக்கும் மாணவர் ஒருவர் ஐந்து வரி எழுதவேண்டும். ஆக்கியவர் யார், எந்த ஆண்டு, எந்த நாடு, ஆடும் முறை என்ன, அது சொல்லாமல் விட்டது என்ன என்பனவே அவ்வைந்து. சொல்லாமல் விட்டது என்ற வரியை அந்தப் பத்தாந்தர மாணவியே சேர்க்கச் சொன்னாள். எழுதியதை நான் திருத்துவேன். பிழை நீங்கியபின் பட்டியலில் ஏறும். திரையின் இடப்புறத்தில் தமிழ்ப் பெயர்கள், வலப்புறத்தில் ஐந்து வரி. அடியிலே, உள்ளேயிருக்கும் கோப்புறைக்கு இன்னும் அந்த எட்டெழுத்துப் பெயர்தான். அதை மாற்றினால் விளையாட்டு ஓடாது. கட்டுரை எழுது என்றால் நகத்தைக் கடிக்கும் பையன்கள் இந்த ஐந்து வரிக்காக வாசிகசாலையில் நூல் தேடுகின்றனர். ‘பராட்ரூப்பர்’ பற்றிய ஐந்தாவது வரியை அதனைக் கண்டுபிடித்த பையனே எழுதினான்: “இறங்குகிறவனுக்கும் வீடு இருக்கிறது என்று இது சொல்லவில்லை.” நான் அதில் ஓர் எழுத்தையும் திருத்தவில்லை.

ஆக்கியவர் பெயரைக் கண்டுபிடிக்க முடியாதவை பல. அவற்றுக்கு வெற்றிடம் விடுவதா என்று கேட்டனர். சங்கத் தொகைகளில் பெயர் அறியப்படாத புலவரை அவர் பாட்டிலே வந்த தொடராலேயே அழைத்தார்கள் என்று சொன்னேன். செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார். பிள்ளைகள் அதனை உடனே பற்றிக்கொண்டார்கள். எங்கள் பட்டியலில் இப்பொழுது ‘நீலக் கதவார்’ என்று ஒருவர் இருக்கிறார். ‘மூன்றாம் படியார்’ என்று ஒருவர். ‘ஓயாமணி ஒலியார்’ என்று ஒருவர். வேடிக்கைதான். ஆயினும் எவரோ ஒருவர் செய்தார், அவருக்குப் பெயர் உண்டு, எமக்குத் தெரியவில்லை என்ற மூன்று செய்தியும் அவ்வேடிக்கையில் அடங்கியிருக்கிறது.

சென்ற மாதம் அம்மாவைப் பாடசாலைக்கு அழைத்துப் போனேன். பட்டியலைக் காட்டினேன். பிள்ளைகள் போனபின் அந்தப் பன்னிரண்டு சட்டையின் கதையையும் சொன்னேன். அவர் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபிப்பார் என்று எண்ணினேன்.

“இந்தப் பேரெல்லாம் செய்த ஆக்களின்ரை பேரோ?” என்று கேட்டார்.

“ஓம் அம்மா.”

“இந்த ஊரிலை பதினெட்டு வருசம் பள்ளிக்கூடச் சட்டை தைச்சனான். எந்தப் பிள்ளை எந்தச் சட்டையைப் போட்டது எண்டு எனக்குத் தெரியும். ஆர் தைச்சது எண்டு ஒருதருக்கும் தெரியாது.” சிறிது நின்று, “நீ அந்தக் காசுக்கு ஒழுங்காய்ப் படிச்சிருக்கலாம்” என்றார். மன்னித்தார் என்று நான் எழுதமாட்டேன். அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து, கதிரைகளை மேசைக்குள் தள்ளி ஒழுங்காக வைத்துவிட்டு வெளியே வந்தார்.

இதுவரை நூற்று எழுபத்தாறு விளையாட்டுக்கள் பட்டியலில் ஏறியிருக்கின்றன. இருநூற்று முப்பத்தாறு எஞ்சியுள்ளன. அதிபர் கணினி ஆசிரியர் ஒருவரைக் கேட்டு வலயக் கல்விப் பணிமனைக்கு மீண்டும் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் வரும்வரையில் திறப்பு என்னிடம் இருக்கும். பேருந்தும் முன்போலவே மூன்றரைக்குத்தான் வருகிறது.